ஓடும்போதே நின்றுபோகும் பழைய வேன்: காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். ஓரங்கட்டி கால் மணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பட்டறையில் கொண்டுபோய் விட்டால் அங்கே நாள் முழுக்க நிற்காமல் ஓடும். அப்புறம் என்ன, ஆளுக்கொரு சந்தேகம் சொல்வார்கள், ஃபில்டர் மாறும், பிளக் மாறும், காயில் மாறும், பம்ப் மாறும், வண்டி மட்டும் அப்படியே நிற்கும்.

இந்தக் கோளாறு வண்டி செத்துக் கிடக்கும்போதுதான் பிடிபடும். நின்ற முதல் ஐந்து நிமிடத்தில் ஸ்பார்க் போயிருக்கிறதா, பெட்ரோல் போயிருக்கிறதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலைக்கு மேல் முடிந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடத்துக்குத் தயாராவது எப்படி, அதில் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் கீழே இருப்பது. பெரும்பகுதி பெட்ரோல் வேனுக்கு, கார்புரேட்டர் வகைக்கும் ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் வகைக்கும் சேர்த்து. டீசலுக்குத் தனிப் பகுதி பின்னால் இருக்கிறது.

1. வண்டி நின்றதும் கைகால் செய்ய வேண்டியது

இதை முன்கூட்டியே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிற்கும் நேரத்தில் யோசிக்க நேரமிருக்காது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும், சக்கரம் இறுகிய மாதிரி இருக்கும், ஆனால் பலமாகத் திருப்பினால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்கான வேக்யூம் மட்டும் மிச்சமிருக்கும். அதனால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்து வீணாக்காமல் ஒரே மிதியாக, விடாமல் அழுத்தி நிறுத்துங்கள்.

ஹஸார்ட் விளக்கைப் போடுங்கள், ஓரத்துக்கு வாருங்கள். உருளும் வண்டியில் சாவியை முழுக்கப் பின்னால் திருப்பிவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். புதியவர்கள் பதற்றத்தில் முதலில் செய்வது இதுதான்.

இறங்கிச் சோதிக்க அது பாதுகாப்பான இடமில்லை என்றால் எதையும் சோதிக்க வேண்டாம். வண்டியை இழுத்துக்கொண்டு போகலாம், கோளாறு இன்னொரு நாள் வராமல் போகாது.

2. முன்கூட்டியே வண்டியில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், இன்லைன் ஸ்பார்க் டெஸ்டர், முதலை கிளிப் வைத்த நீளமான வயர்கள், ஸ்பேனர் செட், டார்ச், கையுறை, தீயணைப்பான். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அதற்குரிய அடாப்டரோடு ஃபியூயல் பிரஷர் கேஜ். அப்புறம் உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேடு. ரிலே எங்கே ஒளிந்திருக்கிறது, எந்த வயர் எந்த நிறம் என்பதையெல்லாம் சாலையோரத்தில் நின்று தேடிக்கொண்டிருக்க முடியாது. கையேட்டைப் பார்த்து இன்ஜெக்‌ஷன் ரிலே, பம்ப் ரிலே, பிரதான ஃபியூஸ், பிரஷர் பார்க்கும் இடம் இவை நான்கையும் வீட்டிலேயே கண்டுபிடித்து ஒரு மார்க்கர் பேனாவால் குறித்து வையுங்கள்.

கூடவே ஒரு ஆள். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். தனியாகச் செய்தால் ஒவ்வொரு சோதனைக்கும் ஓடி ஓடி வருவதற்குள் வண்டி ஆறிவிடும்.

முன் சீட்டுக்குக் கீழே இன்ஜின் இருக்கும் வேனில் ஒரு வசதி, ஓர் ஆபத்து. வசதி என்னவென்றால் சீட்டைத் தூக்கினால் எல்லாம் கைக்கெட்டும். ஆபத்து, கவரைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட்டினால் புகையும் கார்பன் மோனாக்சைடும் நேராக உள்ளே வரும். கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் திறந்துவிட்டுச் செய்யுங்கள்.

3. எப்படி நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் நோட்டு. "அடிக்கடி நிற்கிறது" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இவற்றை எழுதுங்கள்:

சுவிட்சை அணைத்த மாதிரி ஒரேயடியாக நின்றதா, இல்லை திணறி, இழுத்து இழுத்து, பிக்கப் குறைந்து நின்றதா? முதலாவது பெரும்பாலும் மின்சாரப் பக்கம், இரண்டாவது பெரும்பாலும் எரிபொருள் பக்கம். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரக் கொஞ்ச நேரம் ஆகும், ஸ்பார்க் போனால் அந்த அவகாசம் கிடையாது.

இன்ஜின் எவ்வளவு சூடு? ஓட ஆரம்பித்து எத்தனை நிமிடம்? டேங்கில் எவ்வளவு பெட்ரோல்? மேடா, வளைவா, குழியா? மழையா? எத்தனை நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது? கடைசிக் கேள்வியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் அதில்தான் நிறைய விஷயம் இருக்கிறது. உடனே ஸ்டார்ட் ஆனால் லூஸ் கனெக்‌ஷன் மாதிரி யோசியுங்கள். ஓரிரு நிமிடத்தில் ஆனால் பெட்ரோல் வரத்து தடைப்பட்டு மெல்ல நிரம்புகிறது. இருபது முப்பது நிமிடம் ஆனால் ஏதோ ஒரு பாகம் சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கிறது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சர், ஸ்பார்க்கை நேரம் பார்த்து விடும் இக்னிஷன் மாட்யூல், ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் காயில் மூன்றும் இந்த ரகம்.

ஆர்.பி.எம். மீட்டர் இருக்கிற வண்டியில் இன்னொரு துப்பு. பழைய வண்டிகள் பலவற்றில் அந்த மீட்டர் காயிலிலிருந்தே சிக்னல் எடுக்கிறது. வண்டி கியரிலேயே உருண்டுகொண்டிருக்க, அதாவது சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்க, முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன் சிக்னல் போய்விட்டது என்று அர்த்தம். முள் வண்டி வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் இக்னிஷன் உயிரோடு இருக்கிறது, பெட்ரோலைப் பாருங்கள். இதைப் பார்க்க வேண்டுமென்றால் நின்ற முதல் ஓரிரு நொடி கிளட்சை மிதிக்காமல் இருக்க வேண்டும், அதனால் பின்னால் வண்டி வராத இடத்தில் மட்டும்.

4. ஓட்டிப் பார்க்கும் முன் வீட்டில் முடிக்க வேண்டியவை

முதலில் கோட், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணைப் படியுங்கள். அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001 முதலும் டீசலுக்கு 2004 முதலும் கோட் படிக்கும் கருவியை மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட் கட்டாயம். அதற்கு முந்தைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் டாஷ்போர்டு விளக்கு கண்சிமிட்டுவதை எண்ணிப் படிக்கும் முறை இருக்கும். பி0335 என்றால் கிராங்க் சென்சர் சுற்று, பி0340 என்றால் கேம் சென்சர் சுற்று. கோட் இல்லையென்றால் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு நொடி அறுந்து ஒட்டும் தொடர்பு பலமுறை கோடே விடாது.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், அடுத்த வேலை பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்வது. பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் கோட் அழிந்துவிடும். வரிசையை மாற்றிச் செய்து தடயத்தைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

டெர்மினல், இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டை இவற்றைக் கழற்றி, பளபளவென்று தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். அப்புறம் மீட்டரை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, உதவிக்கு இருப்பவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, அதிகபட்சம் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கிற எர்த் பட்டை உள்ளே பச்சை பூத்து நாரு நாராக அறுந்திருப்பதை இந்தச் சோதனை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரையிலும் இருக்கிறதா பாருங்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாவிட்டால் வண்டி கொஞ்ச தூரம் பேட்டரியில் ஓடிவிட்டுத்தான் நிற்கும், அப்போது செல்ஃபும் சுற்றாது.

பழைய வேனில் இன்னொன்று: முந்தைய ஓனர் மாட்டிய அலாரம், திருட்டுத் தடுப்பு கட்-ஆஃப் சுவிட்ச், கேஸ் கிட் மாற்றும் சுவிட்ச். இக்னிஷன் வயரையோ பம்ப் வயரையோ அறுத்து நடுவில் ஒரு மலிவு ரிலேயைச் செருகி டேப் சுற்றியிருப்பார்கள். ஸ்டியரிங் கீழே உள்ள கவரைக் கழற்றி, கம்பெனி வயரிங்கோடு சேராத நிறத்தில் எது ஓடினாலும் எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள். நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் இந்த மாதிரி ஒட்டுவேலையைத்தான்.

5. விளக்கு கட்டி ஓட்டுவது

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சின்ன 12 வோல்ட் பல்புகள், டாஷ்போர்டு பல்பு போதும். ஒன்றை காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்து வயர் இழுத்து டாஷ்போர்டில் வைத்து எர்த் கொடுங்கள். இன்னொன்றை பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரில், ரிலேக்குப் பிந்தைய பக்கத்தில், அதே மாதிரி. வயர் எடுக்கும் இடத்திலேயே ஆளுக்கொரு 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகி, இல்லாத கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்குவீர்கள்.

மெக்கானிகல் பம்ப் வைத்த கார்புரேட்டர் வண்டிக்கு இரண்டாவது விளக்கு தேவையில்லை. காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிற வண்டியில் காயில் விளக்கு மங்கலாக எரியும், அது இயல்பு.

ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், விளக்கைப் பார்ப்பது பக்கத்தில் உட்கார்பவர் வேலை. வண்டி நிற்கும்போது இரண்டும் ஒன்றாக அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச், பிரதான ரிலே, பிரதான ஃபியூஸ், அல்லது அவற்றுக்கிடையே உள்ள கனெக்டர். காயில் விளக்கு எரிய, பம்ப் விளக்கு மட்டும் அணைந்தால் பம்ப் ரிலே பக்கம். இரண்டும் கடைசிவரை எரிந்தால் கரண்ட் சப்ளை நன்றாக இருக்கிறது. பம்பின் உள்ளே, ஃபில்டரில், சென்சரில், மாட்யூலில் தேடுங்கள்.

இதில் ஒரு வழுக்கல். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜின் சுற்றுவது நின்றால் கம்ப்யூட்டரே ஓரிரு நொடியில் பம்பை நிறுத்திவிடும், விபத்தில் பெட்ரோல் பீய்ச்சாமல் இருக்க. ஆகவே இன்ஜின் நின்ற பிறகு பம்ப் விளக்கு அணைவதில் ஒன்றுமில்லை. முன்னாலேயே அணைந்ததா என்பதுதான் கேள்வி. கிராங்க் சென்சர் செத்தாலும் கம்ப்யூட்டர் இன்ஜின் நின்றுவிட்டதாக நினைத்து பம்பை நிறுத்தும். பாவம் பம்ப், பழி அதன் மேல் விழுந்து நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

சென்சர் வயர்களில், கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்களில் இந்த பல்பைக் கட்டாதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட்டை அவை தாங்காது. அங்கே மல்டிமீட்டர் மட்டும்.

6. நின்ற முதல் ஐந்து நிமிடம்

வண்டி பாதுகாப்பாக நின்றாயிற்று. உடனே செல்ஃப் அடித்து ஸ்டார்ட் செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், ஸ்டார்ட் ஆகிவிட்டால் தடயம் போய்விடும். வரிசை இது:

முதலில் சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் மட்டும் செய்யுங்கள், செல்ஃப் வேண்டாம். டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் வருகின்றனவா? இன்ஜெக்‌ஷன் வண்டியில் பின்னாலிருந்து பம்ப் ஓரிரு நொடி முனகும் சத்தம் கேட்கிறதா? வேனில் டேங்க் தள்ளி இருக்கும், ஆளைப் பின்னால் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஸ்பார்க். ஒரு பிளக் வயரைக் கழற்றி டெஸ்டரை மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்க வேண்டாம். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பாடியில் உரசிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம், ஆளுக்கும் ஆபத்து, எலக்ட்ரானிக் மாட்யூலுக்கும் ஆபத்து. ஸ்பார்க்கை பெட்ரோலுக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் எளிது. பெட்ரோல் குழாயைத் திறந்த பிறகு பக்கத்தில் நெருப்புப்பொறி வேண்டாம்.

மூன்றாவது, டேங்க் மூடியை மெல்லத் திறந்து காது கொடுங்கள். காற்று உஸ்ஸென்று உள்ளே இழுக்கப்பட்டால் டேங்கில் காற்று போகும் வழி அடைந்திருக்கிறது. வெயிலில் காற்று வெளியே வருவது சாதாரணம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூடிக்கு மேல் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் எந்தப் பக்கம் போகிறதென்று தெரிந்துவிடும்.

நான்காவது, பெட்ரோல் வந்திருக்கிறதா. கார்புரேட்டர் என்றால் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, இன்ஜின் நின்றிருக்க, ஆக்ஸிலேட்டர் நெம்பைக் கையால் இழுத்து உள்ளே பாருங்கள். மெல்லிய பீய்ச்சல் தெரிந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் என்றால் கேஜ். பொதுவாக கார்புரேட்டர் வண்டியில் 3 முதல் 6 பி.எஸ்.ஐ., ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்ததில் சுமார் 35 முதல் 45. சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும், ஊரார் சொல்லும் அளவை நம்பாதீர்கள்.

கேஜ் இல்லையா? ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை ஏர் இன்டேக்கில் ஒரு சின்னப் பீய்ச்சல் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒரு கணம் பிடித்து மறுபடி நின்றால் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. கார்புரேட்டர் வாய்க்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள், திருப்பி அடிக்கும்.

இந்த நான்கின் முடிவையும் எழுதிக்கொண்டு அப்புறம்தான் ஸ்டார்ட் செய்வது.

7. ஸ்பார்க் இல்லை என்றால்

சாவி ஆனில் காயில் பாசிட்டிவில் கரண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் பின்னோக்கிப் போங்கள்: ஃபியூஸ், கனெக்டர், இக்னிஷன் சுவிட்ச். சாவிக்கொத்தைப் பிடித்து லேசாக ஆட்டினால் விளக்கு அணைந்து எரிந்தால் சுவிட்சின் உள்காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. கனத்த சாவிக்கொத்தை மாட்டி வைத்து ஓட்டுபவர்கள் வண்டியில் இது சகஜம்.

பாசிட்டிவில் இருக்கிறது என்றால் டெஸ்ட் லேம்பை காயில் நெகட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துச் செல்ஃப் அடியுங்கள். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் பாயிண்ட் அல்லது மாட்யூல் தன் வேலையைச் செய்கிறது, ஆக குற்றம் காயிலிலோ, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டரிலோ, கேப்பிலோ. விட்டு விட்டு எரியவில்லை என்றால் பாயிண்ட், கண்டென்சர், மாட்யூல், பிக்-அப், கிராங்க் சென்சர் பக்கம்.

டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிகளில் ஒரு இடத்தை மட்டும் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். கேப்பைக் கழற்றினால், உள்ளே இருக்கும் தட்டுக்கு ஒரு மெல்லிய வயர் போகும். ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டரை மிதித்து விடும்போதும் ஸ்பார்க் நேரத்தை மாற்றும் வேக்யூம் அட்வான்ஸ் அந்தத் தட்டைக் கொஞ்சம் திருப்புகிறது, வயரும் கூடவே மடங்கி நிமிர்கிறது. பல வருடம் இப்படி மடங்கி உள்ளே செம்பு அறுந்துவிடும், மேல் உறை மட்டும் முழுசாக இருக்கும். வண்டி நின்றிருக்கும்போது இரண்டு அறுந்த முனையும் தொட்டுக்கொண்டு மீட்டரில் சரியாகக் காட்டும், ஓட்டத்தில் தட்டு திரும்பிய கோணத்தில் பிரியும். ஆகவே மீட்டரை மாட்டிக்கொண்டு, வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டைத் திருப்பிக்கொண்டே பாருங்கள். வயரை லேசாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டால், உள்ளே செம்பு இல்லை.

மாட்யூலைக் கழற்றினால் அடியில் வெப்பம் கடத்தும் பசை இருக்கிறதா பாருங்கள். மாற்றும்போது அதைத் தடவாமல் பூட்டிவிட்டால் புது மாட்யூலும் சீக்கிரம் சூட்டில் சாகும்.

இரண்டு வயர் உள்ள காந்த வகை கிராங்க் சென்சரை ஓம் வைத்து அளக்கலாம், ஆனால் வண்டி நின்ற அந்தச் சூட்டிலேயே அளக்க வேண்டும். ஆறினால் நல்ல அளவு காட்டும், சூட்டில் உள்ளே வயர் அறுந்த மாதிரி காட்டும். மூன்று வயர் ஹால் வகையை ஓம் வைத்து அளப்பதில் பயனில்லை, அதற்கு வரும் கரண்ட்டையும் சிக்னலையும்தான் பார்க்க வேண்டும்.

8. பெட்ரோல் வரவில்லை என்றால்

டேங்கிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கி வாருங்கள். நடுவில் இருந்து ஆரம்பித்தால் ஃபில்டரை மாற்றி, ஒரு வாரம் நன்றாக ஓடி, மறுபடி நிற்கும், ஏனென்றால் துருவை அனுப்பும் டேங்க் அப்படியே இருக்கிறது.

பழைய டேங்கில் துரு இருந்தால் அது பம்ப் உறிஞ்சும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்று உறிஞ்சல் நின்றதும் துரு உதிர்ந்து அடியில் விழும், வண்டி மறுபடி ஓடும். கழற்றிய ஃபில்டரை வந்த வழியாகத் திருப்பி ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். பழுப்பு மண் மாதிரி வந்தால் டேங்கைக் கழற்றியே ஆக வேண்டும்.

ரப்பர் குழாய் வெளியே நன்றாக இருந்து உள்படலம் மட்டும் உரிந்து கதவு மாதிரி மூடிக்கொள்வதும் உண்டு. வேனில் குழாய் நீளம், தரைக்கு அடியில் இணைப்புகள் அதிகம், ஆகவே இந்தக் கோளாறுக்கும் வாய்ப்பு அதிகம். எத்தனை வருடப் பழசு என்று தெரியாத குழாயைச் சோதிப்பதைவிட மாற்றிவிடுவது மேல்.

எலக்ட்ரிக் பம்ப் ஓடவில்லை என்றால், ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். உயிர் வந்தால் பம்பின் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டியும் ஓடவில்லையென்றால் பம்பின் கனெக்டரிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் கனெக்டரோ ரிலேயோ எர்த்தோ கெட்டிருக்கிறது. பம்ப் ரிலேயின் மூடியைக் கழற்றி, உள்ளே ஈயம் வைத்த புள்ளிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பின்னைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்டக் கோடு தெரிந்தால் ஈயம் வெடித்திருக்கிறது, சூட்டில் பிரிந்து ஆறினால் ஒட்டும்.

வெயில் நாளில், மேட்டில் மெல்ல ஏறிய பிறகு, இன்ஜினுக்குப் பக்கத்தில் பம்ப் வைத்த கார்புரேட்டர் வண்டி நின்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுச் சில நிமிடத்தில் பிடித்தால் அதுதான். காயில் மேலும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், எது குளிர்ந்து வண்டி பிழைத்தது என்று தெரியாமல் போகும். குளிரும் ஈரமும் சேர்ந்த நாளில் இதற்கு நேர்மாறாக கார்புரேட்டருக்குள் பனி பிடித்தும் நிற்கும். நீங்கள் கவரைத் திறப்பதற்குள் இன்ஜின் சூட்டில் கரைந்து ஒன்றுமே தெரியாது. ஏர் ஃபில்டருக்குச் சூடான காற்று கொண்டுவரும் குழாய் கழன்று கிடக்கிறதா பாருங்கள்.

9. ஸ்பார்க், பெட்ரோல் இரண்டும் இருந்தும் நிற்கிறது

சிக்னலில் நிறுத்தப் போகும்போது மட்டும் நிற்கிறதென்றால் ஐடில் வால்வு, அழுக்கடைந்த திராட்டில், பிளந்த வேக்யூம் குழாய், திறந்தபடி சிக்கிய இ.ஜி.ஆர். வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) இவற்றைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வேன் கிளட்சை மிதிக்காமல் பிரேக் போட்ட மாதிரி உதறி நின்றால், இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக் விடுபடவில்லை.

வேகம் ஏறாமல் மூச்சுத் திணறி, சூடு ஏற ஏற மோசமாகி நின்றால், சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் அடைப்பு. வேக்யூம் கேஜ் மாட்டி 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வையுங்கள். முள் நிலையாக நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை.

நின்ற பிறகு செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, சர்ரென்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், மேலும் சுற்றினால் சில இன்ஜின்களில் வால்வு வளையும்.

10. டீசல் வேன்

பழைய மெக்கானிகல் பம்ப் டீசலுக்கு ஸ்பார்க் வேலை இல்லை, ஓடுவதற்குத் தேவை டீசலும், பம்பின் தலையில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சாலினாய்டுக்கு 12 வோல்ட்டும். ஒரேயடியாக நின்றால் முதலில் சாலினாய்டு வயரைத் தொட்டுப் பாருங்கள். சாவி ஆன் செய்யும்போது டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும். 5-ல் சொன்ன விளக்கை இந்த வயரில் கட்டுங்கள்.

திணறி நின்றால் காற்று பிடிப்பதும் ஃபில்டர் அடைப்பும்தான் பெரும்பாலும். பம்புக்குப் போகும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயை வைத்தால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கம் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. எங்கே என்று பிரிக்க, சுத்தமான கேனில் டீசல் எடுத்துப் பம்பை விட உயரமாகக் கட்டி நேராகக் குழாய் கொடுத்து ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில். இதைப் பெட்ரோல் வண்டியில் செய்யவே கூடாது.

டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமர் அமுக்கியபின் மேலே எழும்பாமல் அப்படியே ஒட்டிக்கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. அடைப்பே இல்லாமல் அமுக்க அமுக்க இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் காற்று. ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள், தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும்.

ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடேற்றும் குளோ பிளக் இருக்கிற டீசலில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். சூடான பிளக்கில் பட்டு நேரமில்லாத நேரத்தில் வெடிக்கும், பிஸ்டன் உடையலாம்.

11. சாலையில் பிடிபடாவிட்டால் வீட்டில் வரவழைப்பது

இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு இடம் என்று வயரிங் கட்டுகளை ஆட்டுங்கள், ரிலேக்களை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள், ஃபியூஸ் பாக்ஸை அமுக்குங்கள். மாட்யூலையும் சென்சரையும் ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். தீப்பிழம்பு எதுவும் வேண்டாம். நின்றால், குளிரூட்டும் ஸ்பிரேயை அந்த ஒரு பாகத்தில் மட்டும் அடித்து உடனே ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால், ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

மழையில் மட்டும் நிற்கிற வண்டி என்றால் இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு பிளக் வயர்கள் மேல் மெல்லிய நீர்த்திவலை அடியுங்கள். எங்கே நீலப்பொறி தாவுகிறதோ அந்த வயர் கெட்டது.

12. சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி வண்டி சரியானால் எது குற்றவாளி என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி மூன்றையும் வாங்க வேண்டியிருக்கும். புதுப் பாகம் என்பதாலேயே அது நல்ல பாகம் என்றும் நம்ப வேண்டாம். மலிவு கிராங்க் சென்சர், மலிவு ரிலே இரண்டும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டிருப்பது உண்டு.

நோட்டைத் திறந்து, முன்பு எந்தச் சூழ்நிலையில் நின்றதோ அதே சூட்டில், அதே அளவு பெட்ரோலில், அதே மாதிரி சாலையில் ஓட்டிப் பாருங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒரு சுற்று போய்வந்து சரியாகிவிட்டது என்பது சோதனை ஆகாது. முன்பு இருபது நிமிடத்தில் நின்ற வண்டி என்றால் அதைப்போல மூன்று மடங்கு நேரமாவது ஓட்டுங்கள், விளக்குகள் இரண்டும் டாஷ்போர்டிலேயே இருக்கட்டும்.

கடைசியில் விளக்குகளைக் கழற்றும்போது வயரில் நீங்கள் குத்திய, சீவிய இடங்களைத் திறந்தபடி விடாதீர்கள். வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு மூடுங்கள், வெறும் டேப் இன்ஜின் சூட்டில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும், அப்புறம் ஈரம் உள்ளே இறங்கிச் செம்பு பச்சை பூத்து, அதே வண்டி அதே மாதிரி நிற்க ஆரம்பிக்கும்.